ஒற்றை மைக்

"மறுபடியும் பின்னாடி போயிட்டீங்க சார்" என்று ரியாஸ் சொன்னது சலேத்ராஜின் காதுக்குள்ளேயே கேட்டது. ஆள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறான், வாய் அங்கே அசைகிறது, பேச்சு இங்கே ஹெட்போனுக்குள் வருகிறது; இத்தனை நாளாகியும் இது அவருக்குப் பழகவில்லை. குனிந்து காலைப் பார்த்தார். விரிப்பின் மேல் ரியாஸ் ஒட்டிவைத்த சிவப்பு டேப் தனியாகக் கிடந்தது. அதன் மேல் இருக்க வேண்டிய கால்கள் ஓரடி பின்னால், கொஞ்சம் வலப்பக்கமாக ஒதுங்கி, யாருக்கோ வழி விட்டதுபோல நின்றிருந்தன. தானாகத்தான் போயிருக்கின்றன. பாடும்போது அவருக்குத் தெரியவே இல்லை. "முதல் வரி அருமையா விழுந்திருக்கு சார். பதில் வரி வரும்போது நீங்க மைக்குகிட்ட இல்ல. கெணத்துக்குள்ளேர்ந்து பாடுற மாதிரி கேக்குது. இன்னொண்ணு போவோமா?" போவோம் என்று தலையாட்டினார். இந்தப் பாட்டு ஒன்றுதான் பாக்கி. ரியாஸ் மெட்டுப் போட்ட மற்ற ஐந்து பாட்டும் முடிந்துவிட்டன, இதற்கும் ஆர்கன், டிரம்ஸ், கோமதிநாயகத்தின் பேஸ் கிடார் எல்லாம் முன்பே பதிவாகி, குரலுக்காகக் காத்துக்கொண்டிருக்கின்றன. மாலைக்குள் இந்த மாடி அறையைக் காலி செய்து கொடுக்க வேண்டும், வீட்டுக்காரர் வீட்டில் கல்யாணம் வருகிறது. இது இல்லாமல் ஆல்பம் இல்லை என்று ரியாஸ் முதல் நாளே சொல்லிவிட்டான். அவர் டேப்பின் மேல் காலை எடுத்து வைத்தார். விரல் நுனியில் டேப்பின் ஓரம் தட்டுப்பட்டது. நில்லு, என்று காலுக்குச் சொன்னார், நாய்க்குட்டிக்குச் சொல்வதுபோல.

யாருக்கோ என்ன யாருக்கோ. ஜெசிந்தாவுக்குத்தான். கச்சேரிக் குழு ஆரம்பித்த காலத்தில் இருந்த மைக்குகளில் பாடுகிற லட்சணத்தில் ஒன்றுதான் இருந்தது, அதில் ஆணும் பெண்ணும் மாறி மாறிப் பாட வேண்டும். அவர் ஒரு வரி பாடிவிட்டு ஓரடி பின்னால் போவார், அவள் உள்ளே வருவாள். அவள் முடித்துவிட்டு ஒதுங்குவாள், அவர் வருவார். மைக்கின் உயரமும் யாருக்கும் சரியில்லாத உயரம். அவர் நெட்டை, அவள் அவர் தோளுக்குக் கொஞ்சம் மேலே. நடுவாக ஒரு இடத்தில் திருகி வைத்துவிட்டு, அவர் குனிந்து பாடுவார், அவள் குதிகாலைத் தூக்கிக்கொண்டு எக்கிப் பாடுவாள். இடிக்காமல் மாறுவதற்கு முதல் வருஷம் முழுக்கப் பட்டபாடு. உறையூரில் ஒரு கல்யாணத்தில் அவர் நெற்றியும் அவள் மூக்கும் மோதி, அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டே சரணத்தைப் பாடி முடித்தாள், ஜனங்கள் ஏதோ சோகமான பாட்டு என்று நினைத்துக் கைதட்டினார்கள். அப்போது அவர்கள் கல்யாணம் செய்திருக்கவில்லை. பிறகு செய்துகொண்டார்கள். பிறகு குழுவுக்கு நல்ல மைக்குகள் வந்தன, ஆளுக்கொன்று, வயர் இல்லாதது, கையில் பிடித்துக்கொண்டு மேடை முழுக்க நடக்கலாம். அவர்கள் நடக்கவில்லை. கையில் ஆளுக்கொரு மைக்கை வைத்துக்கொண்டு, நடுவில் இல்லாத ஒரு மைக்குக்காக அவர் ஒதுங்குவார், அவள் எக்குவாள். "ரயில்வே கேட் மாதிரி ஒருத்தர் திறந்தா ஒருத்தர் மூடுறீங்களேடா" என்பான் கோமதிநாயகம். அவர் வரியை ரொம்ப இழுத்தால் இடுப்பில் அவள் முழங்கை வந்து இடிக்கும். போதும், என் முறை. அந்த இடம், கடைசி விலா எலும்புக்குக் கீழே, இப்போதும் பாடும்போது கொஞ்சம் கூசுகிறது. ரியாஸ் இங்கே மைக்கை அவர் உயரத்துக்கே சரியாக வைத்திருக்கிறான், அவருக்கென்று அளந்து. ஆனாலும் அவர் குனிகிறார். குனிந்தால் வாய் மைக்குக்குக் கீழே போய்விடுகிறது.

ஆர்கன் ஆரம்பித்தது. மெதுவான பாட்டு. பழைய வெளிநாட்டுக் கறுப்பர் பாட்டுகளின் நடை. பெர்சி வீட்டில் கேட்டது. பெர்சி ரயிலில் கார்டு, ஆங்கிலோ இந்தியர். பொன்மலை ரயில்வே காலனியில் ஓட்டு வீடு, முன்னால் குரோட்டன்ஸ் தொட்டிகள், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அந்தப் பக்கம் போனால் ஜன்னல் வழியாக அந்தச் சத்தம் வரும். ஒர்க்‌ஷாப்பில் ரயில் பெட்டிகளுக்குப் பெயின்ட் அடிக்கிற இருபது வயது சலேத்ராஜை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, இசைத்தட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டார் அந்த மனிதர். ஒரு வார்த்தை புரியவில்லை. புரியவும் வேண்டியிருக்கவில்லை. கோவில் பாட்டு மாதிரியே இருந்தது, சாமியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பெண்ணை நிறுத்தியிருந்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். ஒருத்தன் கூப்பிடுகிறான், பின்னாலிருந்து பதில் வருகிறது. மன்றாட்டு மாலையில் ஒருவர் புனிதரின் பேரைச் சொன்னால் மற்றவர்கள் எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்பார்களே, அது மாதிரி. கேட்கிறவன் பதில் வருமென்று தெரிந்தே கேட்கிறான். பெர்சி குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போனபோது பெட்டி நிறைய ரெக்கார்டுகளை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார், போட்டுக் கேட்கிற பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதை நினைத்து ஜெசிந்தா சிரிப்பாள். "உங்களுக்குச் சோத்தைக் குடுத்துட்டு வாயை எடுத்துக்கிட்டுப் போயிட்டார்." அப்போதுதான் வேனில், புதுக்கோட்டைக் கச்சேரி முடிந்து வரும் வழியில், மழைக்கு ஒரு புளியமரத்தடியில் ஒதுங்கி நின்றபோது, அவர் சும்மா ஒரு வரி பாடினார். இன்னும் கொஞ்சம் இரு, மழை விடட்டும். யாரிடமும் கேட்கவில்லை. பின் சீட்டில் தூங்குகிறாள் என்று நினைத்திருந்தவள் கண்ணைத் திறக்காமலே பாடினாள். மழை விட்டால் நீ போய்விடுவாய். இப்போது ஆர்கன் அந்த இடத்துக்கு வருகிறது, மூச்சை எடு, இன்னும் கொஞ்சம் இரு, என்று பாடினார், விடட்டும் என்பதை முடித்தார், முடித்த இடத்தில் காற்று மாறியது, விரிப்பின் சொரசொரப்பு உள்ளங்காலின் கீழ் வேறாக இருந்தது, மறுபடியும் பின்னால் போய்விட்டார். "சார்" என்றான் ரியாஸ். தெரியும் என்று கையைக் காட்டினார்.

"ஒக்காந்து பாடுறீங்களா?" உட்கார்ந்து பார்த்தார். ஸ்டூலில் உட்கார்ந்தால் அடிவயிற்றிலிருந்து வரவேண்டியது நெஞ்சோடு நின்றுவிட்டது, குரல் பஞ்சாயத்துக்கு வந்தவன் மாதிரி பயந்து பேசியது. எழுந்துகொண்டார். மின்விசிறியை நிறுத்தி வைத்திருப்பதால் முதுகில் சட்டை ஒட்டியது. சுவரெல்லாம் சத்தத்தை உறிஞ்சுவதற்காகப் பழைய மெத்தைகளைத் தொங்கவிட்டிருக்கிறான், அதிலிருந்து பஞ்சு வாசனை, யாரோ தூங்கிய வாசனை. இந்த அறையில் தும்மினால் தும்மல் மூக்கருகிலேயே விழுந்துவிடுகிறது. கச்சேரியில் அப்படியில்லை, பாடியது போய் எங்கேயோ ஒரு சுவரில் பட்டு, கூட்டத்தில் பட்டுத் திரும்பி வரும், தான் பாடியது போலவே இருக்காது, சினிமாவில் பாடியவர் பாடியது போல இருக்கும். அப்படி இருப்பதற்குத்தானே பேர். கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டா அப்படியே ரெக்கார்டு மாதிரி இருக்குங்க என்று கல்யாண வீட்டுக்காரர் வந்து கையைப் பிடிப்பார், அதற்கு மேலே ஒரு பாராட்டு கிடையாது. நாற்பது வருஷம் கண்ணை மூடிக்கொண்டு கேட்கும்படி பாடியிருக்கிறார். சொந்தப் பாட்டு ஒன்றே ஒன்று, அதுவும் மங்களம் பாடுவது போலக் கடைசியில், நாற்காலிகளை மடக்குகிற சத்தத்துக்கு நடுவே, வயரைச் சுருட்டுகிறவன் காலுக்குக் கீழே வந்து குனியும்போது, அவர்கள் இரண்டு பேரும் தங்களுக்காகப் பாடிக்கொள்வது. அதை யார் பதிவு செய்வார்கள்? கூட்டம் செருப்புத் தேடிக்கொண்டிருக்கும். அவள் குரல் ஒரு கேசட்டிலும் இல்லை. ரியாஸ் எங்கேயோ ஒரு கல்யாணத்தில், அவள் போன பிறகு, சாப்பாட்டுப் பந்தி ஓரமாக நின்று அவர் தனியாக முனகிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு வந்து நின்றான். இவனும் அந்தப் பழைய ரெக்கார்டுகளைத் தேடி அலைகிற பைத்தியம். யார் பாட்டு சார் இது என்று கேட்டான். அப்புறம் முதல் நாள் இந்த அறையில் வைத்துச் சொன்னான், "யார் மாதிரியும் பாடாதீங்க சார்." "அப்ப யார் மாதிரி பாடுறது தம்பி?" என்று அவர் நிஜமாகவே கேட்டார். கோமதிநாயகம் சிரித்து இருமிவிட்டான்.

பதில் வரிக்கு ஒரு பெண்ணைக் கூட்டிவந்தார்கள், போன வாரம். காலேஜில் படிக்கிற பெண், நல்ல குரல், சுருதி கம்பி மாதிரி நின்றது. அவள் மழை விட்டால் என்று ஆரம்பித்ததும் அவருக்கு அடுத்த வரி மறந்துபோனது. மூன்றாவது முறை அந்தப் பெண்ணே, "அங்கிள், தண்ணி குடிங்க" என்றாள். அவளைக் கீழே வரை கொண்டுபோய் விட்டுவிட்டு ரியாஸ் மேலே ஏறி வந்தான். அப்புறம்தான் சொன்னான். "ரெண்டு பேர் வரியையும் நீங்களே பாடுங்க சார். கேக்குறதும் நீங்க, பதில் சொல்றதும் நீங்க. அப்பதான் அது தனிப் பாட்டு." தனி. போஸ்டர்களில் எப்போதும் சலேத் – ஜெசிந்தா என்றுதான் இருக்கும், நடுவில் ஒரு சின்னக் கோடு. இந்த ஆல்பத்தின் முகப்பை ரியாஸ் போனில் காட்டினான், சலேத்ராஜ் என்று மட்டும் இருந்தது, பெரிய எழுத்தில். பேருக்குப் பின்னால் நிறைய இடம் காலியாக இருந்தது. நல்லா இருக்கு தம்பி என்றார். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் சங்கடம். அறுபத்தாறு வயதில் தன் பேரைத் தனியாகப் பார்க்க நெஞ்சு சின்னதாக ஒரு குதி குதித்தது, அதை அவரே கவனித்தார், யாரும் பார்த்துவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

கதவைத் தள்ளிக்கொண்டு கோமதிநாயகம் உள்ளே வந்தான். அவன் பேஸ் வாசித்தது போன வாரமே முடிந்துவிட்டது, இன்றைக்கு வேலையில்லை, துணைக்கு வந்திருக்கிறான். "டேய் சலேத்து, நான் ஒன் பின்னாடி செவுரு மாதிரி நிக்கிறேன். இடிச்சா நின்னுக்க." "நீ மூச்சு விடுற சத்தம் பதிவாயிடும்டா." "விடல. நீ பாடு." நின்றான். அவன் தொப்பையின் சூடு முதுகில் தெரிந்தது. ஆர்கன் வந்தது, கோமதிநாயகத்தின் பேஸ் வந்தது, அதை வாசித்தவன் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான். இன்னும் கொஞ்சம் இரு. மழை விடட்டும். "ஐயோ!" என்று கத்தினான் கோமதிநாயகம், ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டு. "சுண்டுவிரல் போச்சுடா! பொண்டாட்டிக்கு மட்டும்தான் அலுங்காம வழி விடுவியா? எனக்கு ஒருநாளாவது விட்டிருக்கியாடா?" கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரியாஸ் மேஜையில் தலையை வைத்துச் சிரித்தான், அவரும் சிரித்தார், விலாவைப் பிடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே இருக்கும்போது சிரிப்பு எங்கேயோ இடறியது. ஆஸ்பத்திரியிலும் இப்படித்தான். அவள் வாயில் குழாய். பேச முடியாது, கண் மட்டும் மேலே விட்டத்தைப் பார்த்திருக்கும். அவர் கட்டில் பக்கத்தில் நின்று குனிந்து, காதருகே, சத்தமில்லாமல், இன்னும் கொஞ்சம் இரு என்று முனகுவார், முனகிவிட்டு ஓரடி பின்னால் போவார். அந்த இடைவெளியில் நர்ஸ் வந்து ரத்த அழுத்தம் பார்ப்பாள். "சொல்லாமலே நகந்துக்கிறீங்களே, எல்லாரும் இப்படி இருந்தா எங்களுக்கு எவ்வளவு நல்லாருக்கும்" என்றாள் ஒருநாள். அவர் வழிவிட்டது அவளுக்கில்லை என்று சொல்லவில்லை. குழாயின் வெளியே அந்த மெஷின் காற்றை உள்ளே தள்ளும் சத்தம், தள்ளும், நிற்கும், தள்ளும், அதை அவர் தாளமாக எண்ணிக்கொண்டு நின்றார், இப்போது அவள் வரி, இப்போது அவள் வரி. விட்டத்தைப் பார்த்த கண் ஒருமுறை இறங்கி அவரைப் பார்த்தது. அல்லது அவருக்குப் பின்னால் இருந்த ஜன்னலை.

"கொஞ்ச நேரம் ரெஸ்ட் எடுங்க சார்" என்றான் ரியாஸ். அவனும் கோமதிநாயகமும் தேநீர் வாங்கிவரக் கீழே போனார்கள். ஹெட்போனைக் கழற்றாமலே அவர் நின்றார். அதற்குள் லேசான ஒரு இரைச்சல், ஒன்றுமில்லாததன் இரைச்சல். வெளியே ஏதோ வண்டி பொன்மலைப் பக்கம் ஊதிக்கொண்டு போனது, ஊதியது மெத்தைகளைத் தாண்டி வரும்போது எறும்பு அளவுதான் இருந்தது. அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். கறுத்த, பித்தவெடிப்பு உள்ள, பெருவிரல் நகம் தடித்த கால். அவளுடைய புடவைகளை மகள் பெங்களூருக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள், சிலதைக் கோவிலுக்குக் கொடுத்தார்கள். கண்ணாடி, செருப்பு, தைல பாட்டில், பனங்கற்கண்டு டப்பா, எல்லாம் ஒவ்வொன்றாக எங்கேயோ போனது. டப்பாவில் எறும்பு ஏறியதால் அவரே தூக்கிப் போட்டார். முகம் போட்டோவில் இருக்கிறது, ஆனால் போட்டோவில் உள்ள முகம் போட்டோ எடுக்கிறவனுக்காக வைத்துக்கொண்ட முகம். குரலை நினைத்துப் பார்த்தால் இப்போதெல்லாம் வார்த்தை வருகிறது, குரல் வருவதில்லை. அந்தக் காலேஜ் பெண்ணின் குரல் குறுக்கே வந்து நிற்கிறது, அதை விரட்ட முடியவில்லை. மிச்சம் இருப்பது இது ஒன்றுதான். அவர் உடம்பு இன்னும் அவளை நம்பிக்கொண்டிருக்கிறது. மனசுக்குத் தெரியும், செத்துப்போனாள், மண் போட்டாயிற்று, மூன்றாவது கல்லறைத் திருநாளும் வந்து போயிற்று. காலுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. இந்த ஆல்பத்துக்காக, மாலைக்குள், அந்தச் செய்தியைக் காலுக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் என்ன? சொல்லாவிட்டால் பாட்டு இல்லை, அந்தப் புளியமரத்தடி மழை அவரோடு போகும், அவளுடைய ஒரே வரியும் போகும், உலகத்தில் யாரும் அதைக் கேட்டிருக்கவே மாட்டார்கள், செருப்புத் தேடியவர்களைத் தவிர. சொன்னால் வரி இருக்கும். அவள் இருக்க மாட்டாள். எது வேண்டும்? அவளிடம் கேட்டால் முழங்கையால் இடிப்பாள். வரியைச் சொல்லுங்கள், இழுக்காதீர்கள். அவள் அப்படித்தான், பாட்டு என்று வந்துவிட்டால் புருஷனாவது ஒன்றாவது. மூக்கில் இடிபட்டபோதும் சரணத்தை விடவில்லையே.

அவர்கள் தேநீரோடு வந்தார்கள். கோமதிநாயகம் டம்ளரை நீட்டிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தான். "வேணாம்னா விட்றலாம் சார்" என்றான் ரியாஸ், கண்ணைப் பார்க்காமல். "அஞ்சு பாட்டோட விட்டாலும் தப்பில்ல. நான் சும்மா சொன்னேன்." "இரு தம்பி" என்றார் அவர். "அந்தப் பதில் வரியில, போய்விடுவாய்னு வருதுல்ல, அந்த 'போ'வை நான் அழுத்திட்டேனா?" ரியாஸ் யோசித்தான். "கொஞ்சம் அழுத்துறீங்க. கோவமா இருக்க மாதிரி." "கோவம் இல்ல அது. தெரிஞ்சதைச் சொல்றது. நேரமாச்சு, கதவைச் சாத்துன்னு சொல்றோமே, அப்படிச் சொல்லணும்." "அப்படியே சொல்லுங்க சார்." தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு மைக்குக்கு முன்னால் போய் நின்றார். அழுத்தக் கூடாது. 'மழை'யில் உள்ள காற்றை 'விட்டால்' வரைக்கும் சேமிக்க வேண்டும், இல்லையென்றால் 'போ'வுக்கு வரும்போது நெஞ்சு காலியாகி, காலியானதை மறைக்க அழுத்துகிறது. சேமித்தால் அழுத்த வேண்டியதில்லை, தானாகக் கீழே இறங்கும். ஆர்கன் ஆரம்பித்தது. இன்னும் கொஞ்சம் இரு, என்றார், மழை விடட்டும், காற்றை எடு, மூக்கால் எடு, வாயால் எடுத்தால் சத்தம் விழும், மழை விட்டால், கொடுத்துவிடாதே, வைத்துக்கொள், நீ, இப்போது, போய்விடுவாய். இறங்கியது. ஆர்கன் அதன் கீழே கையை நீட்டி வாங்கிக்கொண்டது. அடுத்த வரிக்கு அவர் ஏற்கெனவே அங்கே இருந்தார், அதற்கடுத்த பதிலுக்கும் அங்கேயே இருந்தார், கேட்டார், சொன்னார், கேட்டார், சொன்னார், பெர்சி வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்ட அந்தச் சத்தம், யார் மாதிரியும் இல்லாத ஒரு சத்தம், தன் வாயிலிருந்து வருவது தெரிந்தது. கடைசிச் சுரம் ஓய்ந்து ஆர்கனும் ஓய்ந்து ஹெட்போனுக்குள் அந்த ஒன்றுமில்லாத இரைச்சல் திரும்பும் வரை அவர் அசையவில்லை.

கோமதிநாயகம் கண்ணாடிக்குப் பின்னால் துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தான். "அவ்வளவுதான் சார்" என்று மெதுவாகச் சொன்னான் ரியாஸ். "இதுதான்." அவர் சந்தோஷமாக இருந்தார், நிஜமாகவே, ஒரு நிமிடம் முழுக்க. அப்புறம்தான் குனிந்து பார்த்தார். இரண்டு கால்களும் சிவப்பு டேப்பின் மேல் இருந்தன. அந்தப் பாட்டு முழுவதும் ஜெசிந்தாவை ஒருமுறைகூட நினைக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அவள் வரியைப் பாடும்போதுகூட. விலாவில் கூசவும் இல்லை.

"தம்பி, இன்னொண்ணு போடு" என்றார்.

"வேணாம் சார், இதுக்கு மேல எதுக்கு?"

"பதிவு பண்ண வேணாம். சும்மா போடு. சும்மா."

ரியாஸ் கோமதிநாயகத்தைப் பார்த்தான். அவன் போடு என்று தலையாட்டினான். ஆர்கன் வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, எதையும் சேமிக்காமல், எதையும் யோசிக்காமல், கச்சேரி முடிந்து நாற்காலி மடக்குகிற நேரத்தில் பாடுவதுபோலப் பாடினார். இன்னும் கொஞ்சம் இரு, மழை விடட்டும். பாடிவிட்டுக் காத்திருந்தார். விரலுக்கடியில் டேப்பின் ஓரம் அப்படியே இருந்தது. ஆர்கன் பதில் வரியின் இடத்தைத் தனியாகக் கடந்து போய்க்கொண்டிருந்தது. கால் நகரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அவரே அதைத் தூக்கி, ஓரடி பின்னால், கொஞ்சம் வலப்பக்கமாக, எடுத்து வைத்தார்.